தும்மினால் வெடிக்கும்

மேவிஸ் பென்டர் தன் கைப்பையை மேஜை மேல் வைத்தபோது எழுந்த சத்தம், கைப்பை எழுப்பக்கூடிய சத்தமாக இல்லை.

"உள்ள என்ன, லாடமா?" என்றான் டெல்பர்ட்.

"பிஸ்டல்," என்றாள் மேவிஸ்.

டெல்பர்ட் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான்.

வெளியே நவம்பர் மாதக் காற்று ஹார்லன் ஃப்ளாட் என்ற சின்ன ஊரின் ஒரே கடைவீதியைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. கீழே சலவைக் கடை, மேலே வெர்னா க்ரோகனின் துப்பறியும் அலுவலகம். வெர்னா முன்பு ஷெரீப்பின் கீழே துணை அதிகாரியாக இருந்தவள். "நீங்க பிடிச்சது தப்பான ஆள்" என்று ஷெரீப்பிடம் ஒருமுறை சொன்னாள். அது உண்மையாகிப்போனது. அதற்குப் பிறகு அவளால் அங்கே வேலை பார்க்க முடியவில்லை. டெல்பர்ட் அவளுடைய உதவியாளன். ரோடியோ காளைச் சவாரிப் போட்டிகளில் கோமாளியாக இருந்து, ஒரு காளை அவன் முழங்காலைத் தனக்கென்று எடுத்துக்கொண்ட பிறகு இந்தப் பக்கம் வந்தவன்.

"ஆரம்பத்துலேருந்து சொல்லு," என்றாள் வெர்னா.

மேவிஸ் சொன்னாள். ஒரு மாதமாக யாரோ அவளை மிரட்டுகிறார்கள். போன் அடிக்கும், எடுத்தால் மூச்சுச் சத்தம். பின்வாசல் படியில் சேறு படிந்த பூட்ஸ் தடம். குதிரை லாயத்தின் கதவைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள் ஒரு நாள். போன வாரம் பின்கதவில் செத்த பறவை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். புருஷன் கர்ட் கல்குவாரி லாரி ஓட்டுகிறான். நெப்ராஸ்கா பக்கம் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். ஊரிலிருந்து தள்ளி, வயலுக்கு நடுவில் தனி வீடு.

"ஷெரீப் ஆளுங்க என்ன சொன்னாங்க?"

"கதவைப் பூட்டிக்கன்னாங்க. பூட்டிக்கத் தெரியாமலா இருந்தேன். அப்புறம் ராய்ஸ்தான் துப்பாக்கி வாங்கிக்கன்னு சொன்னாரு. கடைக்குக் கூடவே வந்தாரு. ஜன்னல்ல எல்லாம் கம்பளியை மாட்டச் சொன்னாரு, வெளியிலேருந்து யாரும் பார்க்கக்கூடாதுன்னு. போன் ஒயரைப் பிடுங்கி வெச்சுடு, அந்தப் பாவி மூச்சு விடறதை எதுக்குக் கேக்கறேன்னாரு. அவரு இல்லேன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்."

"ராய்ஸ் கெட்னர். குவாரி முதலாளி."

"ஆமா. சனிக்கிழமை சர்ச் கூடத்துல பொம்பளைங்களுக்கெல்லாம் சுடச் சொல்லித் தருவாரே, அவருதான்."

வெர்னா பிஸ்டலைப் பையிலிருந்து எடுத்தாள். நடுத்தர அளவு, கறுப்பு, கைக்கு அடக்கம். தோட்டாக் கூட்டை உருவி மேஜையில் வைத்தாள். பிறகு மேல்பகுதியைப் பின்னால் இழுத்தாள். குழலுக்குள் காத்திருந்த தோட்டா ஒன்று துள்ளி விழுந்து காபிக் கோப்பை வரை உருண்டது.

"உள்ளயே ஒண்ணு வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்தறியா?"

"எப்பவும் தயாரா இருக்கணும்னு ராய்ஸ் சொன்னாரு."

மூலையில் சிகரெட் அணைக்க வைத்திருந்த மணல் வாளியை நோக்கிக் குழலைத் திருப்பினாள் வெர்னா. ஒரு பென்சிலை எடுத்து அதன் ரப்பர் முனையால் விசையைத் தொட்டாள். அழுத்தவில்லை, தொட்டாள்.

க்ளிக்.

டெல்பர்ட்டின் நாற்காலி சுவரில் முட்டியது.

"தும்மினா வெடிக்கும்," என்றாள் வெர்னா.

"எனக்கு ஜலதோஷம் வேற," என்றான் டெல்பர்ட்.

மேவிஸின் முகம் சிவந்தது. "நீங்களும் குறை சொல்லாதீங்க. கடையில வாங்கினப்போ விசை இறுக்கமாத்தான் இருந்துச்சு. அது எனக்குப் பிடிச்சும் இருந்துச்சு. ராய்ஸ்தான் ரெண்டு நாள் வாங்கி வெச்சுப் பதமாக்கிக் கொடுத்தாரு. பயந்துபோன பொம்பளைக் கைக்கு இறுக்கமான விசை ஆகாதாம்."

"நீ என்ன வேலை பார்க்கறே மேவிஸ்?"

"குதிரைக்கு லாடம் அடிக்கறேன். ஏன்?"

வெர்னா அவள் கைகளைப் பார்த்தாள். "கர்ட்டுக்கு யாராவது விரோதியா?"

"அவருக்கா? அவரு எறும்பைக்கூட சுத்திக்கிட்டுப் போற மனுஷன். திங்கக்கிழமை கோர்ட்டுல ஒண்ணு சொல்லணும், அவ்வளவுதான். குவாரியில எமிலியோன்னு ஒருத்தன் கல் அரைக்கிற மிஷின்ல மாட்டிச் செத்தான் இல்லையா. அந்த மிஷினோட காப்புத் தகட்டை யாரு கழட்டச் சொன்னதுன்னு கர்ட் பார்த்திருக்காரு. அது ராய்ஸ்தான்." மேவிஸ் அவசரமாகத் தொடர்ந்தாள். "ஆனா ராய்ஸே கர்ட்கிட்ட வந்து, பார்த்ததைச் சொல்லிடு, எனக்காகப் பொய் சொல்லாதேன்னாரு. யாரு சொல்லுவா அப்படி?"

"யாரும் சொல்ல மாட்டாங்க," என்றாள் வெர்னா.

பிறகு பிஸ்டலைத் தொட்டுக் காட்டினாள். "இதை இங்கேயே விட்டுட்டுப் போ. வேற ஒண்ணு தர்றேன்."

"முடியாது. இது பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது. நீங்க ஆளைக் கண்டுபிடிங்க. அப்புறம் தர்றேன்."

எவ்வளவு சொல்லியும் அவள் மசியவில்லை. சட்டப்படி அது அவள் பொருள். குழலுக்குள் தோட்டா வைக்காதே, விரலை விசைக்கு வெளியே வை என்று வெர்னா படித்துப் படித்துச் சொன்னாள். மேவிஸ் தலையாட்டினாள். பயந்தவர்கள் ஆட்டும் தலை அது, எதற்கும் ஆடும்.

போகும்போது டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்தான்.

"பாஸ், நான் இனிமே இடது கையாலதான் சாப்பிடணும்."

"உதைக்கிற குதிரையோட காலை மடியில வெச்சுக்கிட்டு ஆணி அடிக்கிறவ அவ. அந்தக் கைக்கு விசை இறுக்கமா இருக்குன்னு ஒருத்தன் சொல்றான். காரை எடு."

துப்பாக்கிக் கடை ஓப்பல் ஸ்வென்சனுடையது. ஓப்பல், டெல்பர்ட்டின் அத்தை. கவுண்டருக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடா கோமாளி. முட்டி எப்படி இருக்கு?"

"மழை வர்றதை ரேடியோவுக்கு முன்னாடி சொல்லுது அத்தை."

மேவிஸ் எப்படித் துப்பாக்கி தேர்ந்தெடுத்தாள் என்று வெர்னா கேட்டாள். ஓப்பல் சூப்பை ஓரமாக வைத்தாள். அவளுக்குப் பிடித்த பேச்சு.

"என்கிட்ட வந்தவங்கள்லயே ஒழுங்கா தேர்ந்தெடுத்தவ அவதான். ராய்ஸ் முதல்ல ஒரு குட்டியைக் காட்டினான். உள்ளங்கையில அடங்கும், பார்க்க அழகா இருக்கும். டெல்பர்ட், கையை நீட்டு." காலித் துப்பாக்கி ஒன்றை அவன் கையில் வைத்தாள். "பாரு, சுண்டு விரலுக்கு இடமே இல்ல. தொங்குது. குட்டி எல்லாம் இப்படித்தான். எடை இல்லாததால சுடும்போது கையிலேயே உதைக்கும். ரெண்டாவது தோட்டா எங்க போகும்னு சுடறவளுக்கே தெரியாது. பையில வெச்சுக்க சௌகரியம், சுடறதுக்கு அவஸ்தை."

"என் முன்னாள் மனைவி மாதிரி," என்றான் டெல்பர்ட்.

"அவ நல்ல பொண்ணுடா. நீதான் அவஸ்தை." ஓப்பல் அதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தாள். "இது பெரிசு. விரலை விசை மேல வை. பார்த்தியா, நுனிதான் எட்டுது. நுனியால அழுத்தினா குழல் ஒரு பக்கமா இழுக்கும். மேவிஸ் இதையும் வேணாம்னா. இப்படி ஒவ்வொண்ணா எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு நீட்டி, கண்ணைத் திறந்து குறி நேரா இருக்கான்னு பார்த்தா. மேல்பகுதியை இழுத்துப் பார்த்தா. அவளுக்கு எதுவும் கஷ்டமில்ல. கடைசியில நடுவாந்தரமா ஒண்ணை எடுத்தா. விசை கொஞ்சம் இறுக்கம். இதுதான் எனக்கு வேணும்னா. ஏன்னு கேட்டேன். 'நான் நெசமாவே சுடணும்னு நினைச்சாத்தான் இது சுடும்போல'ன்னா. எனக்கு அவளைக் கட்டிப் பிடிச்சுக்கலாம்போல இருந்துச்சு."

"இப்போ அந்த விசையைத் தொட்டாலே போதும்."

ஓப்பல் சூப் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ராய்ஸ் மறுநாள் வந்து விசைக்குப் போடற லேசான ஸ்பிரிங் ஒண்ணு வாங்கிட்டுப் போனான். பந்தயத்துல அட்டையைச் சுடறவங்க மாட்டிக்கிறது. தன்னோட பந்தயத் துப்பாக்கிக்குன்னு சொன்னான். வீட்டுக் காவலுக்கு வெச்சிருக்கிறதுல அதைப் போட மாட்டேன்னு நான் ஊருக்கே சொல்லியிருக்கேன். பயத்துல விரல் தானா இறுகும். கையில இருக்கிறது ஒரு நொடி யோசிக்க விடணும். அந்த நொடியைத்தான் அவன் எடுத்துட்டான்."

"வேற என்ன சொன்னான் அன்னிக்கு?"

"டார்ச்சு வேணாம்னான்." ஓப்பல் கவுண்டரில் அடுக்கியிருந்த டார்ச்சுகளைத் தட்டினாள். "துப்பாக்கி வாங்கறவங்க யாரையும் இது இல்லாம நான் அனுப்பறதில்ல. எதிர்ல நிக்கிறது யாருன்னு முதல்ல பாரு, அப்புறம் சுடுன்னு சொல்லுவேன். மேவிஸ் எடுத்துட்டா. அவன் அவ கையிலேருந்து வாங்கித் திருப்பி வெச்சான். வெளிச்சம் அடிச்சா நீ எங்க இருக்கேன்னு திருடனுக்குத் தெரிஞ்சுடும்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

வெர்னா கவுண்டரைப் பார்த்தபடியே நின்றாள்.

"அப்ப மேவிஸ் தன் காலையே சுட்டுக்கணும்னு பார்க்கறானா?" என்றான் டெல்பர்ட். "அவ செத்தா அவனுக்கு என்ன லாபம் பாஸ்?"

"ஒண்ணுமில்ல. அதான் இடிக்குது. அவளுக்குக் கெடுதல் பண்ண நினைக்கிறவன் அவ கையில துப்பாக்கி கொடுக்க மாட்டான். இவன் துப்பாக்கியும் கொடுத்து, விசையையும் தளர்த்தி, ஜன்னலையும் மூடி, டார்ச்சையும் பிடுங்கிட்டான். ஒரு மாசமா மூச்சு விட்டு, கதவுல பறவையை அடிச்சு, அவளை நுனிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கான். அவ பார்க்காம சுடணும். யாரையோ."

சொல்லி முடிக்கும்போதே அவள் கை ஓப்பலின் தொலைபேசியை எடுத்திருந்தது. மேவிஸின் எண்ணைச் சுற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒயர் பிடுங்கிய போன். அடுத்து குவாரி அலுவலகத்துக்குச் சுற்றினாள். எடுத்தது அங்கே வேலை பார்க்கும் பெண்.

"கர்ட் பென்டர் இருக்காரா?"

"நெப்ராஸ்கா போயிருக்காரு மேடம். ஞாயித்துக்கிழமை வருவாரு." பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "நீங்க மேவிஸோட சிநேகிதியா? சொல்லிடாதீங்க. இன்னிக்கே வர்றாரு. மத்தியானம் போன் பண்ணினாரு, முதலாளி பேசினது என் காதுல விழுந்துச்சு. லாரியை நெடுஞ்சாலை ஹோட்டல்லயே விட்டுடு, நானே கூட்டிட்டுப் போய் இறக்கிவிடறேன், பின்வாசல் வழியா சத்தம் போடாம போ, மேவிஸ் ஆடிப்போயிடுவான்னாரு. முதலாளியே கேக்குகூட வாங்கியிருக்காராம். எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க."

வெர்னா போனை வைத்தாள்.

"ஓப்பல், ஷெரீப்பைக் கூப்பிடு. பென்டர் வீட்டுக்கு வரச் சொல்லு. சைரன் போடக்கூடாதுன்னு சொல்லு."

டெல்பர்ட் ஏற்கெனவே வாசலில் இருந்தான்.

சரளைச் சாலையில் கார் பக்கவாட்டில் வழுக்கியபடி போனது. வேலிக் கம்பங்கள் பின்னால் பறந்தன. மாலை வெயில் இன்னும் மலைக்கு மேலே இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் எந்த நேரமும் ராத்திரிதான். கம்பளிகள் அதைப் பார்த்துக்கொண்டன.

"ஹாரனை அடிச்சுக்கிட்டே போகட்டுமா பாஸ்? எல்லாருக்கும் கேக்கும்."

"அவளுக்கும் கேக்கும். திடுக்குன்னா விரல் இறுகிடும். ஹாரனும் வேணாம், கத்தலும் வேணாம்."

"கத்தாம ஒருத்தனை நிறுத்தணும்," என்றான் டெல்பர்ட். "காளைகிட்டகூட எனக்கு இந்த நிபந்தனை இருந்ததில்ல."

வீடு கண்ணில் பட்டது. சாம்பல் நிற மர வீடு, எல்லா ஜன்னலும் குருடு. அதன் பின்னால் வயலைக் குறுக்காகக் கடந்து ஒருவன் நடந்துகொண்டிருந்தான். கையில் வெள்ளை அட்டைப்பெட்டி. காற்றில் அது கவிழாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருகிறவன்போல ஜாக்கிரதையாக வந்தான். கர்ட். பின்வாசல் படிக்கு அவன் மிக அருகில் இருந்தான்.

டெல்பர்ட் பிரேக்கை மிதித்து, கார் நின்றதுமே குதித்துவிட்டான். முட்டி ஒரு பக்கம் இழுக்க, வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினான். விழுந்த வீரனுக்கும் காளைக்கும் நடுவில் போய் விழுவது அவனுடைய பழைய தொழில். வெர்னா முன்வாசலுக்குப் போனாள். கதவின் நேர் எதிரே நிற்காமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு, சமையலறையில் நின்று பேசுகிற குரலில் பேசினாள்.

"மேவிஸ். நான் வெர்னா. மத்தியானம் பார்த்தோமே. நான் வெளியில இருக்கேன்."

உள்ளே பலகை ஒன்று முனகியது.

"பின்னாடி யாரோ இருக்காங்க," என்றது மேவிஸின் குரல். அந்தக் குரலில் மேவிஸ் கொஞ்சம்தான் மிச்சமிருந்தாள். "நடக்கறாங்க. படி ஏறிட்டாங்க."

"அது கர்ட்."

"கர்ட் ஞாயித்துக்கிழமைதான் வருவாரு."

"இன்னிக்கே வந்துட்டாரு. விரலை விசையிலேருந்து எடும்மா. விரலை மட்டும்."

பின்கதவின் கைப்பிடி திரும்பும் சத்தம் வெர்னாவுக்கும் கேட்டது.

பிறகு வெடித்தது.

மூடிய வீட்டுக்குள் அந்தச் சத்தம் இரும்புக் கதவை அறைந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு காற்று மட்டும். வெர்னா கதவைத் தோளால் தள்ளினாள். தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு திறந்தது. மேவிஸ் கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். பிஸ்டல் அவள் காலடியில் கிடந்தது. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அழுத்தல," என்றாள். "இறக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். நான் அழுத்தல."

பின்கதவு காற்றில் மறுபடி சாத்திக்கொண்டிருந்தது. சமையலறை இருட்டில் எதுவும் அசையவில்லை. தரையில் இரண்டு உடல்கள், ஒன்றின் மேல் ஒன்று. அவற்றை நோக்கி ஏதோ ஒரு திரவம் மெல்லப் பரவி வந்துகொண்டிருந்தது.

"டெல்பர்ட்," என்றாள் வெர்னா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

இருட்டில் ஒரு கை நீண்டு அந்தத் திரவத்தைத் தொட்டது.

"பால் பாஸ்," என்றான் டெல்பர்ட். "ரத்தம் இல்ல. பால். ஃப்ரிட்ஜுல பட்டிருக்கு. இவருக்கு மூச்சு இருக்கு, என் எடையால திணறுது."

அவனுக்கு அடியில் கர்ட் புரண்டான். கேக் இருந்த பெட்டி நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் மனைவி நின்ற பக்கம் பார்த்தான். மேவிஸ் ஒரு அடி பின்னால் போனாள்.

வெர்னா பிஸ்டலை எடுத்துத் தோட்டாக்களை உருவித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அப்போது அவள் காதில் விழுந்தது, சரளையில் ஒரு வண்டி வரும் சத்தம். ஷெரீப்பாக இருக்க முடியாது. ஊரிலிருந்து அத்தனை சீக்கிரம் யாரும் வர முடியாது. அருகிலேயே எங்கோ என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தவனால்தான் முடியும்.

"கர்ட், குளியலறைக்குள்ள போ. நான் கூப்பிடற வரைக்கும் இருமக்கூட கூடாது. டெல்பர்ட், சமையலறை வாசலை அடைச்சுக்கிட்டு நில்லு, உள்ள பார்க்க விடாதே. மேவிஸ், நீ உக்காரு. அழணும்னு தோணினா அழு. பேசாதே."

ராய்ஸ் கெட்னர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்தான். நல்ல உயரம், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. வெர்னாவைக் கண்டதும் அரை நொடி தயங்கினான்.

"வெர்னா. நீங்க எங்க இங்க? இந்த வழியா வந்தேன், சுட்ட சத்தம் கேட்டுச்சு. மேவிஸ், உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

மேவிஸ் தலையைத் தூக்கவில்லை. அவள் தோள்கள் குலுங்கின. நடிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

"பின்கதவு வழியா ஒருத்தன் வந்தான்," என்றாள் வெர்னா. "இவ சுட்டுட்டா. நாங்க வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

ராய்ஸ் சமையலறைப் பக்கம் பார்த்தான். டெல்பர்ட்டின் தோளுக்கு மேல் இருட்டுதான் தெரிந்தது. அவன் கண்ணை மூடித் திறந்தான். அந்த முகத்தில் துக்கம் வந்து உட்கார்ந்த விதம், நாற்காலியில் உட்காருகிறவன் மாதிரி இருந்தது.

"கடவுளே. யாரு? தெரிஞ்சவனா?"

"முகம் சரியா தெரியல. கர்ட்டுக்குத் தகவல் சொல்லணும். அவன் எங்க இருக்கான்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

"நெப்ராஸ்காவுல," என்றான் ராய்ஸ். தடுமாறவே இல்லை. "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வர மாட்டான். நேத்துதான் கடைசியா பேசினேன்."

"இன்னிக்குப் பேசலையா?"

"இல்லையே. நான் அவனைப் பார்த்தே ரெண்டு வாரம் ஆகுது. பாவம், எப்படிச் சொல்லப் போறேன் அவன்கிட்ட."

"நேர்லயே சொல்லுங்க," என்றாள் வெர்னா. "கர்ட்."

குளியலறைக் கதவு திறந்தது. சட்டையெல்லாம் கேக்கின் வெள்ளைப் பூச்சோடு கர்ட் வந்து நின்றான். அவன் ஒரு மந்தமான, பொறுமையான மனிதன். கேட்டது என்னவென்று அவன் முகத்துக்கு எட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வேலி கேட் பக்கத்துல நீதானே இறக்கிவிட்டே ராய்ஸ்," என்றான். "பின்பக்கமா போன்னு சொன்னே. நான் போறதை நின்னு பார்த்துக்கிட்டு இருந்தியே."

ராய்ஸின் முகத்திலிருந்து துக்கம் எழுந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. அவன் வலது கை கோட்டுக்குள் இடுப்புப் பக்கம் போனது.

அதைப் பிடித்தது வெர்னா அல்ல. தரையில் உட்கார்ந்திருந்த மேவிஸ் எப்போது எழுந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டை ஒரு கையால் பற்றினாள், அவ்வளவுதான். உதறினான். விடவில்லை. ராய்ஸின் வாய் திறந்தது, முழங்கால் மடிந்தது, கோட்டுக்குள்ளிருந்து அவனுடைய துப்பாக்கி நழுவி விழுந்தது. டெல்பர்ட் அதைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளினான்.

"போதும் மேவிஸ்," என்றாள் வெர்னா. "எலும்பு கோர்ட்டுக்குத் தேவைப்படும்."

மேவிஸ் விடவில்லை. அவன் முகத்தை நெருங்கி, மிகவும் சன்னமாகக் கேட்டாள்.

"ஒரு மாசமா உன்கிட்டதானே ஓடி வந்தேன். ஒவ்வொரு தடவையும் காபி போட்டுக் கொடுத்தியே. அப்ப உனக்கு என்ன தோணுச்சு?"

ராய்ஸின் பார்வை கர்ட்டைத் தாண்டி, ஃப்ரிட்ஜின் கதவில் விழுந்திருந்த ஓட்டையில் போய் நின்றது. சுடச் சொல்லித்தரும் ஆசிரியன், மாணவி சுட்ட குறி அட்டையைப் பார்க்கிற பார்வை.

ஷெரீப்பின் ஆட்கள் சைரன் இல்லாமல் வந்து, ராய்ஸை விலங்கிட்டு வண்டியில் ஏற்றினார்கள். கர்ட் நடந்ததைச் சொன்னான். திங்கட்கிழமை சொல்ல வேண்டியதையும் சேர்த்தே சொன்னான். எமிலியோவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, தண்ணீர் கேட்டான்.

டெல்பர்ட் நாற்காலி மேல் ஏறி ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் கம்பளியைக் கழற்றினான். வெளிச்சம் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அது வந்து தரையில் கிடந்த பாலின் மேலும், நசுங்கிய கேக்கின் மேலும் விழுந்தது.

எல்லாரும் போன பிறகு மேவிஸ் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். குதிரையின் குளம்பை அசையாமல் பிடிக்கிற கைகளை மடியில் இறுக்கிக் கோர்த்துக்கொண்டாள். கர்ட் வந்து அவள் தோளைத் தொடப் போனான்.

"வேணாம்," என்றாள் மேவிஸ். "இன்னிக்கு வேணாங்க. கதவு திறந்தப்போ உங்க தலைக்குத்தான் குறி வெச்சிருந்தேன். இப்ப உங்க முகத்தைப் பார்த்தா அதுதான் தெரியுது."

கர்ட் கையை எடுத்துக்கொண்டான். பிறகு அதே படியின் மறு ஓரத்தில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்தான்.

காரில் ஏறும் முன் வெர்னா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். லாயத்தில் ஒரு குதிரை கனைத்தது. இரண்டு பேருமே திடுக்கிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், வயலைப் பார்த்தார்கள்.